முதலில் நனையும் கை

“கண்ணை மூடிக்கோங்க பிரகாசியம்மா. எட்டிப் பாக்கக் கூடாது. இப்போ எந்த விரலைத் தொடுறேன்?”

“தொடுதீங்களா?”

“சரி. இப்போ?”

“நீங்க இன்னும் ஆரம்பிக்கலன்னுல்லா இருக்கேன்.”

“திறங்க” என்றார் டாக்டர் யாஸ்மின். பிரகாசி கண்ணைத் திறந்தாள். அவளுடைய வலது ஆள்காட்டி விரல் நுனியில் குண்டூசி நட்டுவைத்த மாதிரி நின்றது. யாருடைய விரலோ, யாருடைய ஊசியோ. டாக்டர் எடுத்ததும் சிவப்பாக ஒரு பொட்டு எழும்பியது. பிரகாசி அதைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

அப்புறம் டாக்டர் சட்டைப் பொத்தானைப் போடச் சொன்னார், ஊசியில் நூலைக் கோக்கச் சொன்னார், மேசையில் கடுகைக் கொட்டிப் பொறுக்கச் சொன்னார். கண்ணால் பார்த்துக்கொண்டே செய்தால் எல்லாம் வந்தது. கடுகுகூட வந்தது. அசைவுக்கு நூற்றுக்கு நூறு, உணர்வுக்கு முட்டை என்றார் டாக்டர். பள்ளிக்கூடத்திலும் நான் அப்படித்தான், ஒன்றில் நூறு, ஒன்றில் முட்டை என்றாள் பிரகாசி. இந்தத் தடவை டாக்டர் சிரித்தார்.

விபத்து நடந்தது ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில். தூத்துக்குடியில் பிரகாசி வேலை பார்க்கிற இறால் கம்பெனியில், இறாலின் முதுகைக் கீறுகிற மெஷின் அவள் மணிக்கட்டைக் கீறிவிட்டது. தோல் ஒட்டியது, எலும்பு கூடியது, நரம்பு மட்டும் கூடவில்லை. நடுவில் ஒரு விரக்கடை அளவுக்கு நரம்பே இல்லை. அந்த இடைவெளிக்குள்தான் டாக்டர் யாஸ்மின் வைக்கோல் பருமனுக்கு ஒரு குழலை வைத்துத் தைத்தார். அறுந்த நரம்பு அதற்குள் புகுந்து, வழி தெரிந்து வளர்ந்து, அந்தக் கரையைத் தொடும். தொட்டபிறகு குழல் உடம்புக்குள்ளேயே கரைந்து போகும். குழல் எதில் செய்தது என்று கேட்டதற்கு, “நீங்க உரிச்சுப் போடுற இறால் தோட்டுலதான்” என்று டாக்டர் சொன்னதை, பிரகாசியின் கூட்டாளி ஜெசிந்தா ஷெட் முழுக்கப் பரப்பினாள். தலையைக் கிள்ளிக் கிள்ளிக் கூடையில் போட்டோமே, அது திரும்பி வந்து இவ கைக்குள்ள குடியிருக்கு பாத்தியா என்றாள்.

“இப்ப ஒண்ணு கேக்கணும்” என்றார் டாக்டர். “ரெண்டாவது குழல் வைக்கலாமா?”

“கைதான் ஆடுதே டாக்டர்.”

“நரம்புங்கிறது ஒத்தைக் கம்பி இல்லம்மா. கயிறு மாதிரி. சில இழை கையை ஆட்டும். சில இழை கையில பட்டதை மூளைக்குப் போய்ச் சொல்லும். முன்னெல்லாம் எல்லாத்தையும் ஒரே குழல்ல விடுவாங்க, ஒண்ணு போற வழியில இன்னொண்ணு போய் நிக்கும். இப்ப குழலுக்குள்ள பூசுற மருந்து, நீ வா, நீ நில்லுன்னு சொல்லும். உங்களுக்கு ஆட்டுற இழையை வரவிட்டோம். சொல்ற இழையை ஒரு மூடி போட்டு நிப்பாட்டியிருக்கோம்.”

“அதை ஏன் நிப்பாட்டணும்?”

“ரெண்டையும் ஒண்ணா விட்டா வலியில யாரும் கையை ஆட்டிப் பழக மாட்டாங்க. சீக்கிரம் வேலைக்குத் திரும்பணும்னா முதல்ல அசைவு. அப்படித்தான் இந்தத் திட்டமே.” டாக்டர் கொஞ்சம் தயங்கினார். “நிறையப் பேர் ரெண்டாவதுக்கு வர்றதில்ல. ஆனா வரணும்னா கிறிஸ்துமஸுக்கு முன்னாடி வரணும். அது தாண்டினா இந்தக் குழல் கரைஞ்சிடும், மூடியும் கரைஞ்சிடும். அப்புறம் அந்த நரம்பு முனை தழும்புக்குள்ள முடங்கிப் போயிடும். யாராலயும் எழுப்ப முடியாது.”

“வச்சா வலிக்குமோ?”

“வலிக்கும். ஐஸ் பக்கம் ரொம்ப நாள் போக முடியாது.”

“வலி இல்லாம மத்தது மட்டும் வராதா?”

“ஒரே வீட்டுப் பிள்ளைங்கம்மா. ஒண்ணைக் கூப்பிட்டா மத்ததும் கூடவே வரும்.”

யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தாள் பிரகாசி. யோசிக்க என்ன இருக்கிறது என்றும் தோன்றியது.

ஷெட்டில் வேலை முடிந்து நேரே டாக்டரிடம் போயிருந்தாள். திரும்பி வரும் பஸ்ஸில் அவள் ஜன்னலோரம், பக்கத்தில் அவள் புருஷன் இன்னாசி. துறைமுகத்தில் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறவன். லாரிக்காவது பிரேக் உண்டு, இவர் வாய்க்குக் கிடையாது என்று அவளே சொல்வாள். அன்றைக்கு உப்பளம் தாண்டுகிறவரை அவன் பேசவில்லை.

“ஏளா, ஏறுனதுல இருந்து கையைத் தேய்ச்சிட்டு வாரேன். ஒரு வார்த்தை சொன்னியா?”

குனிந்து பார்த்தாள். அவளுடைய வலது கை அவனுடைய இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் இருந்தது.

“எதுக்குத் தேய்க்கீங்க?”

“சும்மாத்தான்.”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சும்மா இருக்காது என்று அவளுக்குத் தெரியும். கொஞ்ச நாளாகவே காப்பி கொடுக்கும்போது அந்தக் கை பட்டால் அவன் வெடுக்கென்று விலகுகிறான். ஒரு நாள் கழுத்தைத் தொட்டாள், தோளைக் குறுக்கிக்கொண்டான். தைத்த கையைப் பார்க்க அருவருப்பாயிருக்கும், அதை மறைக்கத்தான் இப்படித் தேய்க்கிறான் என்று நினைத்துக்கொண்டாள். கேட்கவேண்டும் என்று தோன்றவில்லை. அழுகை வருமா என்று பார்த்தாள், அதுவும் வரவில்லை. டாக்டர் போட்ட மூடி மணிக்கட்டோடு நிற்கவில்லையோ என்னவோ.

கம்பெனி ஷெட்டில் நீளநீளமான ஸ்டீல் மேசைகள். மேசை நிறைய ஐஸ், ஐஸ் நிறைய இறால், இருபக்கமும் பெண்கள். தலையைக் கிள்ளி, தோட்டை உரித்து, குடலை உருவி எறியவேண்டும். கிளவுஸ் உண்டு, ஆனால் மெல்லியது, தடித்ததைப் போட்டால் குடல் கையில் அகப்படாது. ஐஸ் முதலில் கடிக்கும், பிறகு எரியும், பிறகு எலும்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டு பேச ஆரம்பிக்கும். நம்ம ஊர் மாதாவே பனிமய மாதா, அவளுக்கு ஐஸ் பிடிச்சிருக்கு, அதுக்காக நமக்கும் பிடிக்கணுமா என்பாள் ஜெசிந்தா. பேச்சும் கேலியும் ஏச்சும் ஷெட்டில் ஓயாது. வாயை மூடினால் வலி கேட்கும்.

இடைவேளை மணி அடித்ததும் எல்லாரும் கிளவுஸைக் கழற்றிவிட்டு சுடுதண்ணி அண்டாவைச் சுற்றி நிற்பார்கள். மாடத்தி என்கிற பெண் அடுப்பிலிருந்து கொதிநீரை ஊற்றி, பச்சைத் தண்ணீர் கலந்து, படிகாரக் கட்டியைப் போட்டு வைத்திருப்பாள். ஐஸில் விறைத்த கைக்குச் சூடு உடனே தெரியாது. அப்படியே அமுக்கினால் வெந்து போகும். அதனால் பிரகாசி மணியடிக்கக் கொஞ்சம் முன்னாலேயே வலது கையை அக்குளில் செருகிச் சொரணை வரவைத்துக்கொள்வாள். அந்தக் கைதான் அண்டாவில் முதலில் நனையும். எடுத்துவிட்டால் இன்னும் தண்ணீர் கலக்கவேண்டும். எடுக்காமல் வைத்திருந்தால் மற்றவர்கள் கையை விடலாம். யாரும் யாரையும் கேட்பதில்லை. அவள் வேலைக்குச் சேர்ந்த சில வருஷங்களில் தானாக வந்த வழக்கம்.

முதல் குழல் வைத்து, புதுக் கையோடு பிரகாசி வேலைக்குத் திரும்பி வந்தபோது மேனேஜர் வேதமாணிக்கம் வாசல்வரை வந்து கூட்டிப்போனார். கெட்ட மனுஷர் என்று அவரைச் சொல்ல முடியாது. முதலில் எளிய வேலை கொடுக்கச் சொன்னார். ஆனால் கொஞ்ச நாளில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. இடது கை வலியில் மடங்கும்போது வலது கை பாட்டுக்கு உரித்துக்கொண்டே இருந்தது. ஐஸ் அதைக் கடிக்கவில்லை. எரிக்கவில்லை. மதியத்துக்குள் அவள் கூடை மற்றவர்கள் கூடைக்கு முன்னால் நிறைந்தது. வெளியூரிலிருந்து ஆட்கள் வந்தால் மேனேஜர் அவள் மேசைக்கு அழைத்துவந்து, “நம்ம தோட்டுல செஞ்ச குழல், நம்ம அம்மாவோட கை” என்று காட்டினார். வரம் வாங்கின கை என்று ஷெட்டில் பேர் வந்தது. அண்டாவில் சூடு பார்க்க அவள் இடது கைக்கு மாறிக்கொண்டாள்.

அந்த நாள் வரை மாறித்தான் இருந்தாள்.

அன்றைக்குக் குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது. மாடத்தி கொதிநீரை ஊற்றிவிட்டு, பச்சைத் தண்ணீர் எடுக்க வாளியோடு வெளியே போயிருந்தாள். மணி அடித்தது. பிரகாசியும் ஜெசிந்தாவும் பேசிக்கொண்டே வந்தார்கள். ரெண்டாவது குழலைப் பற்றித்தான் பேச்சு.

“கோட்டி பிடிச்சிருக்கா ஒனக்கு?” என்றாள் ஜெசிந்தா. “வலி போனா மெழுகுதிரி ஏத்துவாளா, வலி வேணும்னு போய் ஆபரேசன் பண்ணுவாளா?”

“நான் பண்ணப்போறேன்னு எப்பட்டி சொன்னேன்?”

“மூஞ்சி சொல்லுதே.”

“மூஞ்சி கெடக்கு. எனக்கே தெரியாதது என் மூஞ்சிக்குத் தெரிஞ்சிட்டாக்கும்.”

இதைச் சொல்லும்போது அவள் வலது கை, இத்தனை வருஷப் பழக்கத்தில், தானாகப் போய் அண்டாவில் இறங்கியது. அங்கேயே நின்றது.

தங்கக்கனி பக்கத்தில் நின்றாள். கைப்பிள்ளைக்காரி, பிரசவம் முடிந்து அப்போதுதான் வேலைக்குத் திரும்பியிருந்தவள். பிரகாசிக்காவின் கை தண்ணீருக்குள் இருப்பதைப் பார்த்தாள், இரண்டு கையையும் மணிக்கட்டுவரை விட்டாள். விறைத்த கைக்குச் சூடு தெரிய நேரமானது. அந்தக் கொஞ்ச நேரம்தான் கெடுத்தது.

“எக்கா” என்றாள் தங்கக்கனி. சந்தேகம் கேட்கிற குரலில். அப்புறம்தான் கத்தினாள்.

ஷெட் முழுக்க ஓடிவந்தது. யாரோ அவளைத் தூக்கினார்கள், யாரோ ஐஸை அள்ளிக்கொண்டு வந்தார்கள், வேண்டாம் பச்சைத் தண்ணி என்று யாரோ சத்தம் போட்டார்கள். பிரகாசி என்ன ஆயிற்று, என்ன ஆயிற்று என்று கேட்டுக்கொண்டு அண்டாவின் பக்கத்திலேயே நின்றாள். ஜெசிந்தாதான் பார்த்தாள். அவள் கை இன்னும் தண்ணீருக்குள்ளேயே இருந்தது. மூதி, கையை எடுட்டி என்று பிடித்து இழுத்தாள். வெந்த இறாலின் நிறத்தில் வந்தது அது. பிரகாசி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வேறு யாருக்கோ ஆன காயத்தைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

ஆஸ்பத்திரியில் இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். இரண்டு பேர் கையிலும் கட்டு. தங்கக்கனி முனகி முனகி ஓய்ந்த ஒரு நேரத்தில் பிரகாசி மன்னிப்புக் கேட்டாள். நீ வேணும்னேவா செஞ்ச, விடுக்கா என்றாள் தங்கக்கனி. அப்புறம் தலையைத் திருப்பி, பிரகாசியின் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒனக்கு வலிக்கலியாக்கா?”

“இல்ல.”

“இப்பவும்?”

“இப்பவும் இல்ல.”

“குடுத்து வச்சவ.”

காதில் தவறாக விழுந்ததோ என்று பிரகாசி திரும்பிப் பார்த்தாள். தங்கக்கனியின் முகத்தில் குத்தல் இல்லை. பசித்தவள் அடுத்தவள் இலையைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேனேஜர் வேதமாணிக்கம் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தார். வருத்தப்பட்டார், உண்மையாகவே வருத்தப்பட்டார். இனி அண்டாவில் சூடு காட்டும் கருவி வைக்கலாம் என்றார். நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்சம் யோசித்துவிட்டு, அண்டாவே தேவைப்படாமல் செய்தால் என்ன என்றார்.

அந்த யோசனைதான் கம்பெனிக் கூட்டத்தில் போய் முடிந்தது.

காயம் ஆறி இருவரும் வேலைக்கு வந்த வாரம், ஷெட்டில் நாற்காலி போட்டு எல்லாரையும் உட்காரவைத்தார்கள். மேனேஜர் நிதானமாகச் சொன்னார். யாருக்கும் கட்டாயம் இல்லை. மணிக்கட்டில் சின்னக் கீறல். ஆட்டுகிற இழையைத் தொடமாட்டார்கள், வலியைச் சொல்கிற இழையை மட்டும் வெட்டி அந்த மூடியைப் போடுவார்கள். மூடி இறால் தோட்டில் செய்தது, உடம்புக்குக் கெடுதி இல்லை. இது கெட்டியான மூடி, கரையச் சில வருஷம் ஆகும். வேண்டும் என்றால் புதுப்பிக்கலாம், வேண்டாம் என்றால் நரம்பு பழையபடி வளர்ந்துவிடும் என்று சொல்கிறார்கள்.

“சொல்லுதாங்கன்னா, யாருக்காவது வந்திருக்கா சார்?” என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள்.

“வரும்மா. புதுசுதானே.” மேனேஜர் முன்வரிசையைப் பார்த்தார். “பிரகாசியம்மா இங்கதான் இருக்காங்க. நான் சொல்றதைவிட அவங்க சொல்லட்டும்.”

பிரகாசி எழுந்து நின்றாள். எல்லார் முகமும் அவள் பக்கம் திரும்பியது. அண்டாவைச் சுற்றி நின்ற அதே முகங்கள்.

“எக்கா, ஐஸுல வலிக்குதா இல்லியா, அதை மட்டும் சொல்லு” என்றாள் தங்கக்கனி. அவள் கையில் புதுத் தோல் ரோஜா நிறத்தில் பளபளத்தது.

“வலிக்கல.”

“அப்பம் வேற என்ன குறை?”

அவள் யோசித்தாள். குறை என்றால் எங்காவது குத்தவேண்டும், இழுக்கவேண்டும். பஸ்ஸில் இன்னாசி தேய்த்ததைச் சொல்லலாமா? தேய்த்தது தெரியவில்லை என்று சொன்னால் சிரிப்பார்கள். இல்லாத ஒன்று எப்படி இருக்கும் என்று எந்த வார்த்தையை வைத்துச் சொல்வது? ஷெட்டில் ஐஸ் உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது.

“ஒண்ணும் இல்ல” என்றாள். உட்கார்ந்துவிட்டாள்.

உட்கார்ந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. மறுபடியும் கையை விட்டுவிட்டு, எடுக்காமல் நின்றிருக்கிறோம்.

மறுநாள் மேசை மேசையாகப் போய்ச் சொல்லிப் பார்த்தாள். வேண்டாம்ட்டி, நான் சொன்னதைக் கேக்காதீங்க என்றாள். ஒனக்குக் கிடைச்சிட்டு, எங்களுக்குக் கிடைக்கக் கூடாதாக்கும் என்றாள் ஒருத்தி. ஜெசிந்தாவே, நீ ஒண்ணு சொல்லு, ரெண்டு சொல்லாதே என்று திருப்பிக்கொண்டாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய அட்வெண்ட் காலம் தொடங்குகிற வாரத்தில் பிரகாசி டாக்டர் யாஸ்மின் முன்னால் போய் உட்கார்ந்து கையை நீட்டினாள்.

“வச்சிடுங்க.”

“நல்லா யோசிச்சீங்களா? அழுவீங்க. என்னைத் திட்டுவீங்க.”

“அழுது ரொம்ப நாளாச்சு டாக்டர்.” பிறகு கேட்டாள். “எங்க பிள்ளைகளுக்கெல்லாம் மூடி போடப்போறது நீங்கதானா?”

டாக்டர் பேனாவை மூடினார், திறந்தார். “நான் மாட்டேன்னா வேற ஊர்லருந்து ஆள் வருவாங்க. நானா இருந்தா ஒழுங்காப் போடுவேன்.”

“எங்களை விரட்டி வேலை வாங்குத சூப்பர்வைசரும் இதேதான் சொல்லுவாரு” என்றாள் பிரகாசி. சண்டைக்குச் சொல்லவில்லை. ஞாபகம் வந்தது, சொன்னாள்.

டாக்டர் சொன்னபடியே நடந்தது. முதலில் ஒன்றுமில்லை. பிறகு மணிக்கட்டுக்குள் எறும்பு. பிறகு எறும்பெல்லாம் கட்டெறும்பு. ஃபேன் காற்று பட்டால் கை எரிந்தது, சேலைத் தலைப்பு உரசினால் ரம்பம் அறுத்தது. அழுதாள். டாக்டரைத் திட்டினாள், இன்னாசியைத் திட்டினாள், மாதாவை ஒரு தடவை திட்டிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கன்னத்தில் போட்டதும் கை வலித்து அதற்காகவும் அழுதாள். இன்னாசி சமைத்தான், சோற்றைக் குழைத்தான், இதுக்கு நீ மரக்கட்டையாவே இருந்திருக்கலாம்ளா என்றான். சொல்லிவிட்டு, அவள் ஏசுவதைச் சிரித்த முகத்தோடு கேட்டுக்கொண்டு நின்றான்.

அடுத்த தவக்காலம் போய் ஈஸ்டரும் வந்தபிறகு வலி ஒரு மட்டுக்கு அடங்கியது. ஆனால் வந்து சேர்ந்த இழைகளில் சில வழி மாறியிருந்தன. கட்டைவிரலைத் தொட்டால் சுண்டுவிரலில் தெரிந்தது. சூடு பட்டால் ஒரு மூச்சு இழுத்துவிடுகிற நேரம் கழித்துத்தான் சூடு என்று புரிந்தது. என்னதான் குழல் போட்டாலும் நரம்பு மனுஷங்க மாதிரி, கொஞ்சம் தப்பான வீட்டுக்கும் போகும் என்றார் டாக்டர். பழகினால் மூளை திருத்திப் படித்துக்கொள்ளுமாம்.

ஷெட்டுக்குத் திரும்பியபோது அண்டா இருந்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் பூச்செடி இருந்தது. மாடத்தியைப் பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள். இடைவேளை சுருங்கிவிட்டது, எல்லாரும் மூடி போட்டுக்கொண்டபின் கையை இளக்கவேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. மேசைகளின் இருபக்கமும் விரல்கள் மெஷின் மாதிரி ஓடிக்கொண்டிருந்தன. பிரகாசிக்கு முதலில் என்ன மாறியிருக்கிறது என்று பிடிபடவில்லை. பிறகு பிடிபட்டது. யாரும் பேசவில்லை. சண்டையா என்று கேட்டால் இல்லையே என்றார்கள். பேசத் தோன்றவில்லை, அவ்வளவுதான். ஜெசிந்தாவின் விரலில் இறால் கொம்பு ஏறி ரத்தம் ஐஸில் சொட்டியது. பிரகாசி காட்டினாள். ஆமா என்று பார்த்துவிட்டு, பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு உரிக்கப் போனாள் ஜெசிந்தா. ஒரு கேலி இல்லை.

அந்த ஷெட்டிலேயே மெதுவாக உரிக்கிறவள் இப்போது பிரகாசி. கையை அக்குளில் செருகிக்கொண்டு நிற்கிறவளும் அவள் ஒருத்திதான். மேனேஜர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் வெளியூர் ஆட்கள் வந்தால் அவள் மேசைக்கு அழைத்துவருவதில்லை.

ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து அவள் சேலைகூட மாற்றவில்லை. தங்கக்கனி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றாள். கம்பெனியிலிருந்து நேரே வந்திருக்கிறாள், வழியில் மாமியார் வீட்டிலிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டு. பிள்ளை விடாமல் வீறிட்டுக்கொண்டிருந்தது.

“எக்கா, இவளுக்குக் காய்ச்சலான்னு பாரு.”

“காய்ச்சல் பாக்குத கருவி இல்லியாட்டி வீட்ல?”

“இருக்கு. காய்ச்சல் இல்லைன்னு சொல்லுது. நீ கையை வச்சிப் பாரு. கருவி நம்பர்தானே சொல்லும்.”

கொஞ்சநாளாகவே இப்படித்தானாம். மாமியார் கையில் சிரிக்கிறது, அப்பன் கையில் சிரிக்கிறது, அடுத்த வீட்டுக்காரி தூக்கினால்கூடச் சிரிக்கிறது. வேலை முடிந்து தங்கக்கனி வந்து தூக்கினால் மட்டும் கத்துகிறது. மார்பில் வாய் வைக்காமல் திமிறுகிறது. மந்திரித்துப் பார்த்தாயிற்று, கயிறு கட்டியாயிற்று. பெற்றவளைப் பிள்ளைக்கு ஆகவில்லை என்று மாமியார் சொல்கிறாள். இதையெல்லாம் தங்கக்கனி ரேடியோவில் செய்தி வாசிக்கிற குரலில் சொன்னாள்.

பிரகாசி பிள்ளையை வாங்கி நெற்றியில் வலது கையை வைத்தாள். மூச்சு இழுத்து விடுகிற நேரம் காத்திருந்தாள். சுண்டுவிரலில் வந்து சேர்ந்தது இதமான ஒரு வெதுவெதுப்பு. காய்ச்சல் இல்லை. பிள்ளை அழுகையை நிறுத்தி, அவள் தாலிக் கொடியைப் பிடித்து வாய்க்குள் திணித்தது.

“பாத்தியாக்கா. நீ தூக்குனா இருக்கா. இங்க தா.”

தங்கக்கனி கையை நீட்டினாள். பிள்ளையின் வெற்றுத் தொடையில் அவள் விரல் பட்டது. பட்டதும் பிள்ளை வில்லாக வளைந்து வீறிட்டது.

பிரகாசி பிள்ளையைக் கொடுக்கவில்லை. இடுப்பில் இருத்திக்கொண்டு, நீட்டின அந்தக் கையை எட்டிப் பிடித்தாள். ஒரு மூச்சு. பிறகு வந்தது. மேசைக்கு அடியில் மறந்துபோன மீனைத் தொட்ட மாதிரி, எலும்புவரைக்கும் பனிக்கட்டி.

“வேலை முடிஞ்சதும் கையை எதுலயாவது விட்டியாட்டி?”

“எதுல விட? எதுக்கு? வலிக்கவா செய்யுது?”

பிரகாசி அந்தக் கையை விடவில்லை. உள்ளே கட்டிலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த இன்னாசியைத் திரும்பிப் பார்த்தாள். அவன் இந்த இரண்டு கைகளையும்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

“நீங்க அன்னைக்கு பஸ்ஸுல தேய்ச்சது...”

“ஆமா.”

“ஐஸா இருந்துதாக்கும்.”

“தொட்டா தூக்கிவாரிப் போடும்.”

“அப்பமே ஏன் சொல்லல்ல?”

“சொன்னா மட்டும் ஒனக்குத் தெரியவா போகுது?” என்றான் இன்னாசி. “அதான் தேய்ச்சேன்.”

அவள் பிள்ளையை அவனிடம் கொடுத்துவிட்டு அடுக்களைக்குப் போனாள். வாய் அகன்ற சோற்றுப் பானையில் தண்ணீர் வைத்தாள். கொதி வருமுன் இறக்கி, பச்சைத் தண்ணீர் கலந்தாள். வாசல் நடையில் கொண்டுவந்து வைத்து உட்கார்ந்தாள். வலது கையை உள்ளே விட்டு, காத்திருந்தாள். எடுத்தாள். இன்னும் ஒரு செம்பு ஊற்றினாள். மறுபடியும் விட்டாள். காத்திருந்தாள். எடுக்கவில்லை.

தங்கக்கனி அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு பானைக்கு முன்னால் குத்தவைத்து, இரண்டு கையையும் மணிக்கட்டுவரை உள்ளே விட்டாள்.

“எனக்கு ஒண்ணும் தெரியலக்கா.”

“தெரியாது. வச்சிரு.”

தண்ணீருக்குள் மூன்று கைகள் கிடந்தன. தெருவில் கம்பெனி பஸ் ஓவர்டைம் முடிந்து வந்தவர்களை இறக்கிவிட்டுப் போனது. பெண்கள் பேச்சில்லாமல் கடந்து போனார்கள். ஜெசிந்தா மட்டும் நடையருகில் நின்றாள். பானையைப் பார்த்தாள், பிரகாசியின் முகத்தைப் பார்த்தாள். எதுவும் கேட்காமல் பையைக் கீழே வைத்துவிட்டு வந்து, இடம் பார்த்துக் கையை நுழைத்தாள்.

உள்ளே இன்னாசியின் தோளில் பிள்ளை என்னமோ சொல்லிக்கொண்டிருந்தது.

“இப்பம் எடுக்கலாமாக்கா?” என்றாள் தங்கக்கனி.

பிரகாசி தண்ணீருக்குள் அவள் விரல்களைத் தேடிப் பிடித்தாள். கட்டைவிரல் தொட்டது, சுண்டுவிரலுக்குத் தெரிந்தது.

“இன்னும் இல்ல” என்றாள். “நான் சொல்லுதேன்.”